பதினோராம் வசனத்தோடு நிற்பவர்கள்

நம் சபைகளில் யாரும் உபதேசமாக எழுதி வைக்காவிட்டாலும் ஏறக்குறைய எல்லோரும் கைக்கொள்ளும் கொள்கை ஒன்று இருக்கிறது. தின தியானம் என்றால் காலையில் ஒரு வசனம். அந்த வசனம் வாக்குத்தத்தமாக இருக்க வேண்டும். அது இன்றைக்கென்று, எனக்கென்று கர்த்தர் கொடுத்த வார்த்தை. அதை விசுவாசித்து, உரிமை பாராட்டி, ஆமென் சொல்லி, இன்னும் நாலு பேருக்கு அனுப்பிவிட்டால் அன்றைய கடமை முடிந்தது. வருஷத்துக்கு ஒன்று (புது வருஷ இரவு ஆராதனையில் தட்டிலிருந்து சீட்டுப்போல் எடுக்கும் அட்டை), மாதத்துக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று என்று வாக்குத்தத்தங்கள் அளந்து கொடுக்கப்படுகின்றன. காலண்டரில், காரின் பின்கண்ணாடியில், கல்யாணப் பத்திரிகையின் தலைப்பில், கடைக் கல்லாவுக்கு மேலே, எங்கும் அவைதான்.

இது தவறான வழக்கம் என்பது என் கட்சி. 'போதாத வழக்கம்' என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம். பல போதகர்கள் தனியாகப் பேசும்போது அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு வசனத்தில் ஆரம்பித்தவர்கள் நாளடைவில் ஓர் அதிகாரத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. நான் பார்த்தவரை யாரும் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. வருஷம் இருபதானாலும் அதே நாற்பது ஐம்பது வசனங்களையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். வேதம் நம்மிடம் எதையும் கேட்டுவிடாமல் இந்த வழக்கம் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் இது இவ்வளவு பிரபலம்.

மிக அதிகமாகப் புழங்கும் வசனத்திலேயே ஆரம்பிக்கலாம்: எரேமியா 29:11. வசனத்தை நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை, உங்களுக்கே மனப்பாடம். பிளஸ் டூ எழுதப்போகும் பிள்ளைக்கு, விசா நேர்காணலுக்குப் போகும் தம்பிக்கு, பெண் பார்க்க வரும் நாளில் அந்த வீட்டுக்கு, எல்லோருக்கும் இதையே அனுப்புகிறோம். அந்த 29ஆம் அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பிடித்துக்கொண்டுபோன ஜனங்களுக்கு எரேமியா எழுதியது. கடிதம் என்ன சொல்கிறது? வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் போடுங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள். உங்களைச் சிறைப்படுத்திய ஊரின் நன்மைக்காகவே ஜெபம் பண்ணுங்கள். அதாவது, இப்போதைக்கு ஊர் திரும்பப்போவதில்லை. பத்தாம் வசனம் கணக்கையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது: எழுபது வருஷம். அதற்கு அடுத்ததுதான் நம்முடைய பதினோராம் வசனம்.

ஜனங்கள் திரும்பிப் போகலாம் என்று கோரேசு ராஜா உத்தரவு கொடுத்தது கி.மு. 538இல். முப்பது வயதில் சிறைப்பட்டுப் போன ஒருவர் அன்றைக்கு உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு 89 வயது. அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே செத்து அங்கேயே அடக்கமாகியிருப்பார்கள். வாக்குத்தத்தம் பொய்க்கவில்லை, அவர்கள் பேரன் பேத்திகளுக்கு நிறைவேறியது. நாமோ பத்தாம் வசனத்தை விட்டுவிட்டுப் பதினோராம் வசனத்தை அடுத்த மாத ரிசல்ட்டுக்காக எடுத்து வைத்துக்கொள்கிறோம்.

இதைவிடக் கூர்மையானது அதற்கு முந்தின அதிகாரம். அதில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறார். கிபியோன் ஊர்க்காரர். ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் கூடியிருக்கும்போது, இன்னும் இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும், கொண்டுபோன பாத்திரங்கள் திரும்பிவிடும், சிறைப்பட்டவர்களும் வந்துவிடுவார்கள் என்று கர்த்தரின் பெயரால் அறிவிக்கிறார். எரேமியாவின் கழுத்தில் கிடந்த மர நுகத்தை எடுத்து எல்லோர் முன்னிலையிலும் உடைத்தும் காட்டுகிறார். எரேமியா அவரிடம் உடனே சண்டைக்குப் போகவில்லை. ஆமென், அப்படியே ஆகட்டும் என்றுதான் முதலில் சொல்கிறார். அவருக்கும் அப்படி நடந்தால் சந்தோஷம்தானே! ஆனால் நடக்கவில்லை. அனனியா அந்த வருஷமே செத்துப்போகிறார். இன்றைக்கு அனனியா இருந்திருந்தால் புது வருஷ வாக்குத்தத்த ஆராதனைக்கு அவரைத்தான் நாம் அழைத்திருப்போம். எரேமியாவின் வசனத்தை எடுத்துக்கொண்டு அனனியாவின் செய்தியைச் சொல்கிறோம் என்பதைத் தவிர நம் வழக்கத்துக்கு வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

எதிர்த் தரப்பில் ஒரு பெரிய மனிதர் இருக்கிறார், அவரைத் தாண்டிப் போகக் கூடாது. லண்டனின் புகழ்பெற்ற பிரசங்கியார் சார்லஸ் ஸ்பர்ஜன் 1888இல் நாளுக்கு ஒரு வாக்குத்தத்தமாக ஒரு புத்தகம் வெளியிட்டார். கடவுளின் வாக்குத்தத்தம் வங்கிக் காசோலை போன்றது, விசுவாசி அதில் தன் கையெழுத்தைப் போட்டு ஜெபத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நம் ஊர் வழக்கத்துக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடையாது. ஆனால் அவர் அதை எழுதிய காலம் எது? 1887 அக்டோபரில் பாப்டிஸ்ட் சங்கத்தை விட்டு விலகி, பழைய நண்பர்களே எதிராக நிற்க, கீல்வாதமும் மனச்சோர்வும் மாறி மாறி வாட்டிய காலம். 1892இல் அவர் இறந்துபோனார். கஷ்டத்தின் நடுவே நிற்கிற ஒருவர் பிடித்துக்கொண்ட வார்த்தைகள் அவை. வசதியாக இருப்பவர்கள் இன்னும் வசதி கேட்கப் பயன்படுத்திய வார்த்தைகள் அல்ல. அவருடைய காசோலையையே ஒப்புக்கொண்டாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. காசோலையில் பெறுபவர் பெயர் எழுதியிருக்குமே, அதை யார் பார்த்தார்கள்? பாபிலோனில் இருக்கிற அகதிக்கு எழுதினதை நான் மாற்றிக்கொள்ளலாமா? மாற்றிக்கொள்ளலாம் என்றால், அவன் பட்டதில் எனக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகுதான்.

வாக்குத்தத்த வசனத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து ஒருவர் முன்னால் நீட்டும் காட்சி சுவிசேஷத்திலேயே இருக்கிறது. மத்தேயு நாலாம் அதிகாரம். நீட்டுகிறவன் பிசாசு. அவன் எடுப்பது 91ஆம் சங்கீதத்தின் 11, 12 வசனங்கள். தூதர்கள் காப்பார்கள் என்கிற அதே பகுதி, நம் காலண்டர்களில் தவறாமல் இடம்பெறும் பகுதி. வசனம் சரி, இடம் சரி. ஆனாலும் இயேசு மறுத்தார். சோதனையில் அவர் மூன்று முறை பதில் சொன்னார், மூன்று முறையும் உபாகமத்திலிருந்து. அந்த மூன்றில் ஒன்றுகூட வாக்குத்தத்தம் அல்ல என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மனுஷன் எதனால் பிழைக்கிறான், தேவனை எப்படிப் பரீட்சை பார்க்கக் கூடாது, யாரை மட்டும் ஆராதிக்க வேண்டும் என்று மூன்றும் மனுஷன் இருக்க வேண்டிய விதத்தைச் சொல்பவை. வனாந்தரத்தில் நாற்பது நாள் பசித்திருந்தவர் தமக்கென்று கடைசிவரை எடுத்துக்கொண்டது கட்டளையைத்தான்.

உபாகமத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. 28ஆம் அதிகாரத்தின் 13ஆம் வசனம் (வாலாக்காமல் தலையாக்குவது பற்றியது) இல்லாத கிறிஸ்தவக் கடை நம் ஊரில் அபூர்வம். அந்த அதிகாரத்தில் மொத்தம் 68 வசனங்கள். ஆசீர்வாதம் முதல் 14 வசனங்களில் முடிந்துவிடுகிறது. மீதி 54 வசனங்கள், கட்டளைகளை மீறினால் வரும் சாபங்கள். அவற்றை அட்டையில் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் எந்தக் கட்டளைகள் என்று யாராவது கேட்க வேண்டாமா? நாலு அதிகாரம் பின்னால் போனால் 24:15. கூலிக்காரன் ஏழை, அந்தக் கூலியை நம்பியே இருக்கிறான், அவன் கூலியைப் பொழுது சாய்வதற்கு முன்னே கொடுத்துவிடு என்கிறது. அதை எந்தக் கல்லாவுக்கு மேலேயும் நான் பார்த்ததில்லை.

தென் மாவட்டத்தில் ஒரு ஜவுளிக்கடை. ஊரும் பெயரும் வேண்டாம். கல்லாவுக்கு மேலே சட்டமிட்டு, சீரியல் விளக்கு போட்டு அந்த 28:13. காலை ஒன்பதரைக்கு முதலாளி ஷட்டர் தூக்கியதும் வேலைக்கு வந்த பெண்களை வரிசையாக நிற்கவைத்து ஜெபம். அன்றைய வசனத்தை அவரே வாசிக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் இரவு ஒன்பது வரை நிற்கிறார்கள். சேலை மடித்துக்கொண்டு, ஒரு காலில் பாரத்தை மாற்றி மறு காலில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் இல்லாத மதிய நேரத்திலும் கவுண்டரில் கையை ஊன்றி நிற்கிறார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். அதற்கப்புறமும் அந்தக் கடையில் ஒரு ஸ்டூலைக் காணோம். "ஸ்டூல் போட்டா தூங்கிடுவாளுகண்ணே" என்றார் முதலாளி. கெட்ட மனிதர் இல்லை. தசமபாகம் தவறாமல் கொடுப்பவர். தினமும் வேதம் வாசிப்பவர் என்று அவரே சொல்வார், அது உண்மையும்கூட. தினமும் ஒரு வசனம் வாசிக்கிறார். அந்தப் பெண்களின் காலைப் பற்றி அந்த வசனங்களில் ஒன்றும் இல்லை, ஏனென்றால் ஒன்றும் இல்லாதபடிதான் அவை பொறுக்கப்பட்டிருக்கின்றன.

ஏசாயா 58 இந்த இடத்துக்கென்றே எழுதினதுபோல் இருக்கும். அதன் பதினோராம் வசனமும் அட்டை வசனம்தான்: கர்த்தர் வழிநடத்துவது, வறட்சியிலும் திருப்தியாக்குவது, நீர் பாயும் தோட்டம். (எரேமியா, சங்கீதம், ஏசாயா மூன்றிலும் அட்டைக்குப் போவது பதினோராம் வசனமாகவே அமைந்துவிட்டது; அந்த எண்மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை.) அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனம் யாரைப் பற்றியது தெரியுமா? தினந்தோறும் கடவுளைத் தேடுகிறவர்களைப் பற்றியது. அவருடைய வழிகளை அறிய ஆசைப்படுகிறார்கள், அவரிடம் சேர விரும்புகிறார்கள், உபவாசம் இருக்கிறார்கள். தின தியானக்காரர்கள் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அவர்கள்மேல்தான் கடவுள் கோபமாக இருக்கிறார். உபவாச நாளிலும் அவர்கள் ஆட்களைக் கசக்கி வேலை வாங்குவதையும், சண்டைக்கு நிற்பதையும் எடுத்துக் காட்டுகிறார். பிறகு தமக்குப் பிடித்த உபவாசம் எது என்று சொல்கிறார்: நுகத்தடியை அவிழ்ப்பது, பசித்தவனுக்குச் சோறு பங்கிடுவது, வீடில்லாதவனை வீட்டுக்குள் சேர்ப்பது. ஒன்பதிலும் பத்திலும் நிபந்தனை வருகிறது: இதையெல்லாம் நீ செய்தால். அதற்குப் பின்தான் பதினொன்று. நிபந்தனையைக் கத்தரித்துப் பலனை மட்டும் ஒட்டவைத்துக் கொடுப்பதை வியாபாரத்தில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று அந்த ஜவுளிக்கடை முதலாளிக்கே தெரியும்.

இவ்வளவு சொன்னதும் எழும் முதல் எதிர்வாதம் ஆறுதல். "பாவப்பட்ட ஜனங்க, அவங்களுக்கு அந்த ஒரு வசனம்தான் தெம்பு. அதையும் பிடுங்கணுமா?" நியாயமான கேள்வி. வாக்குத்தத்த வசனத்தைக் கேலி செய்யும் படித்த கிறிஸ்தவர் கூட்டம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையணைக்கடியில் அட்டையை வைத்துக்கொண்டு படுத்திருக்கும் தாயின் முன்னால் அந்தக் கேலிக்கு மதிப்பில்லை. ஆனால் அதே வராந்தாவில் இன்னொன்றும் நடக்கிறது. டயாலிசிஸில் இருக்கும் கணவருக்காகச் சுகம் தரும் வசனங்களை மாதக்கணக்கில் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், அவர் இறந்த மூன்றாம் நாள் சபையிலிருந்து வந்த ஒரு மூத்த சகோதரி சொன்னது: "எங்கேயோ விசுவாசத்தில ஒரு தளர்ச்சி வந்துடுச்சு பாருங்கம்மா." இந்தக் கொடுமை தற்செயல் அல்ல. வசனம் எனக்கென்று தேதியிட்டு வந்தது, கர்த்தர் வாக்கு மாறாதவர் என்றால், நடக்காதபோது குற்றம் யார்மேல் விழும்? படுத்திருப்பவர்மேலும் பக்கத்தில் இருந்தவள்மேலும்தான். ஆறுதல் என்று கொடுத்தது கடைசியில் குற்றச்சாட்டாகத் திரும்புகிறது.

வேதத்திலோ அந்தப் பெண்ணுக்கென்று வேறு பக்கங்கள் ஏராளம் இருக்கின்றன. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடும் புலம்பலும். 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே ஆரம்பித்து இருட்டிலேயே முடிகிறது; கடைசி வரியில்கூட விடியல் வருவதில்லை. புலம்பல் என்று ஒரு புத்தகமே உண்டு. யோபு அதிகாரம் அதிகாரமாக வழக்காடுகிறார். கடவுளிடம் கோபப்பட வார்த்தை கொடுக்கும் வேதத்தை வைத்துக்கொண்டு, அவள் கையில் புன்னகை மட்டும் அச்சடித்த அட்டையைக் கொடுத்தோம்.

ஏமி கார்மைக்கேல் இதை நன்றாக அறிந்தவர். அயர்லாந்திலிருந்து வந்து, 1901 முதல் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்தவர். 1931இல் ஒரு குழிக்குள் விழுந்து அடிபட்டார். 1951இல் இறக்கும்வரை அறையையும் கட்டிலையும் விட்டு அதிகம் வெளியே வர முடியவில்லை. நோயாளிகளுக்காக நல்ல சுகத்தோடு இருப்பவர்கள் எழுதும் ஆறுதல் புத்தகங்கள் தமக்கு உதவவில்லை என்று கண்டு, நோயாளியாக இருந்துகொண்டே நோயாளிகளுக்குக் கடிதங்கள் எழுதினார். அவை புத்தகமாகவும் வந்தன. அந்தப் படுக்கையிலிருந்து தம் மக்களுக்கு அவர் எழுதியனுப்பிய சிறு சிறு வேதக் குறிப்புகள் பின்னால் தின தியான நூலாகத் தொகுக்கப்பட்டன. தின தியானம் என்ற வடிவத்தின்மேல் எனக்கு வழக்கு இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அந்த வகையில் உலகம் முழுதும் வாசிக்கப்படும் ஆஸ்வால்ட் சேம்பர்ஸின் நூல் 1927இல் வந்தது. 1917இல் எகிப்தில், போர்வீரர்கள் நடுவே ஊழியம் செய்துகொண்டிருந்தபோது இறந்துபோன அவர் அந்தப் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் பேசும்போது மனைவி சுருக்கெழுத்தில் எடுத்து வைத்திருந்த குறிப்புகள் அவை. அதில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இதமாக இருக்காது, நெஞ்சில் குத்தும். இன்றும் அச்சில் இருக்கிறது. கடினமாகச் சொன்னால் ஜனங்கள் வாசிக்க மாட்டார்கள் என்பவர்களுக்கு இது போதும்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் வலுவானது. "கடவுள் ஒரே ஒரு வசனத்தாலும் பேசுவார், பேசியிருக்கிறார்." ஆமாம், பேசியிருக்கிறார். எங்கே, என்ன பேசினார் என்று பார்ப்போம். மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் அந்தோனி என்ற வாலிபர் ஆலயத்துக்குள் நுழைகிறார். மத்தேயு 19:21 வாசிக்கப்படுகிறது. அது தனக்கே சொன்னது என்று எடுத்துக்கொள்கிறார். பெற்றோர் விட்டுப்போன நிலத்தையெல்லாம் கொடுத்துவிட்டு வனாந்தரத்துக்குப் போகிறார். 386இல் மிலான் நகரத் தோட்டத்தில் அகுஸ்தீன் பவுலின் நிருபத்தைத் திறக்கிறார். கண்ணில் படுவது ரோமர் 13ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்கள். களியாட்டத்தையும் காமத்தையும் விடச் சொல்பவை. அவர் வாழ்க்கை அன்றோடு மாறுகிறது. 1939 ஜூனில் ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் நியூயார்க்கில் பாதுகாப்பாக இருக்கிறார். நண்பர்கள் முயன்று வரவழைத்திருக்கிறார்கள். 26ஆம் தேதி 2 தீமோத்தேயு 4:21 தற்செயலாகக் கண்ணில் படுகிறது. மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேரும்படி பவுல் தீமோத்தேயுவைக் கூப்பிடும் சாதாரணமான வரி அது. இது தன்னைப் பற்றியதே என்று டயரியில் எழுதுகிறார். ஜூலை தொடக்கத்தில் கப்பலேறி ஹிட்லரின் நாட்டுக்குத் திரும்புகிறார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளாசென்பர்க் முகாமில் தூக்கிலிடப்படுகிறார்.

மூவரும் ஒற்றை வசனத்தைத்தான் எடுத்தார்கள். இடம் பொருள் பார்க்காமல் எடுத்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஒருவருக்குச் சொத்து போனது, ஒருவருக்குப் பழைய வாழ்க்கை போனது, ஒருவருக்கு உயிரே போனது. இடம் பொருள் பிசகாமல் வாசிப்பதைவிட முக்கியமான ஒரு சோதனை இதிலிருந்து கிடைக்கிறது. காலையில் நீங்கள் எடுத்த வசனம் உங்களிடம் எதையாவது கேட்டதா? ஒரு வருஷத்தில் ஒருமுறையாவது கேட்டதா? கேட்கவே இல்லையென்றால், பேசினது கடவுள்தான் என்று இவ்வளவு நிச்சயமாகச் சொல்ல வேண்டாம்.

"இது நம் முன்னோர்கள் வழக்கம்" என்பது மூன்றாவது வாதம். நாளுக்கு ஒரு வசனம் என்ற ஏற்பாட்டின் பிறப்பிடம் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமம். மொராவியாவிலிருந்து மதத் துன்பத்துக்குத் தப்பி வந்த அகதிகள் 1722 முதல் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் குடியேறி உருவாக்கிய ஊர். பிரபு சிறு வயதில் ஹாலேயில் பிராங்கேயின் பள்ளியில் படித்தவர். நம் தரங்கம்பாடி மிஷன் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். 1728 மே மாதம் மாலைக் கூட்டத்தில் அடுத்த நாளுக்கென்று ஒரு வசனம் கொடுக்கும் பழக்கத்தை ஆரம்பித்தார். 1731 முதல் அது புத்தகமாக அச்சாகிறது, இன்றும் வருகிறது. நம்மவர்கள் விட்டுவிட்ட விவரம் இதுதான்: அந்த வசனத்தை ஒருவர் வீடு வீடாகப் போய்ச் சொல்வார். சொல்லிவிட்டு அந்த வீட்டில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிப்பார். நோயாளி உண்டா, குறை உண்டா என்று தெரிந்துகொண்டு வருவார். ஊருக்கே ஒரே வசனம். தனித்தனிச் சீட்டு இல்லை. நாலு வருஷம் கழித்து, 1732இல், அந்தச் சின்ன ஊரிலிருந்து இரண்டு பேர் கரீபியத் தீவான செயின்ட் தாமஸுக்குக் கிளம்பினார்கள், அடிமைகளிடம் போவதற்கு. நாம் அனுப்பும் ஃபார்வர்டில் விசாரிப்பு இல்லை, நடை இல்லை. அடுத்த தெருவில் இருப்பவருக்கும் கட்டைவிரலால்தான் போகிறது. முன்னோர் வழக்கம் என்று சொல்கிறவர்கள் முழு வழக்கத்தையும் எடுத்துக்கொள்ளட்டும்.

இன்னும் ஒரு முன்னோரை நினைவுபடுத்தலாம். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்க் பட்ட பாடெல்லாம் எதற்கு? மணலில் எழுதித் தமிழ் படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து மொழி கற்று, அச்சுக்கூடம் வரவழைத்து, காகிதத்துக்கு அலைந்து, 1715இல் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சாக்கி முடித்தார். சாதாரண ஜனத்தின் கையில் முழுப் புத்தகம் இருக்க வேண்டும் என்பதற்காக. முந்நூறு வருஷம் கழித்து அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சீட்டு எடுக்கிறோம்.

என் பக்கத்து ஆட்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. அதிகாரம் அதிகாரமாக வாசித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர்கள் நம்புகிறார்கள். ஆகாது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைகளில் ஜாதி வித்தியாசம் உடனே ஒழிய வேண்டும் என்று அறிவித்தபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதை எதிர்த்தவர்கள் வேதம் அறியாதவர்கள் அல்ல. வேதத்தை வாசித்தவர்கள்தான். வாசித்தும் நற்கருணை மேசையில் யாருக்கு முன் யார் போவது என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. யாக்கோபு தம் நிருபத்தில் சொல்வதும் இதுதான்: கேட்கிறவன் கேட்டதோடு நின்றால் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். பசித்தவனைப் பார்த்து, சமாதானத்தோடே போ என்று வாழ்த்தி அனுப்பினால் அவனுக்கு என்ன பிரயோஜனம் என்று அவர் கேட்பது, காலை வாழ்த்துச் செய்திகளுக்கு அப்படியே பொருந்தும்.

அப்படியானால் என்ன செய்வது? பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். லூக்கா மூன்றாம் அதிகாரத்தில் யோவான் ஸ்நானகனிடம் வந்த ஜனங்கள், ஆயக்காரர், போர்ச்சேவகர் மூன்று கூட்டமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவரவர் தொழிலைப் பார்த்துப் பதில் சொன்னார். இரண்டு அங்கி இருப்பவன் ஒன்றைக் கொடு. விதித்ததற்கு மேல் வரி வாங்காதே. யாரையும் மிரட்டிப் பறிக்காதே, சம்பளம் போதும் என்றிரு. தினமும் ஒரு பகுதியை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை வாசித்து, எனக்கு என்ன கிடைக்கும் என்று தேடுவதை நிறுத்தி, இந்தக் கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள். சில நாள் பதில் ஒன்றும் வராது. வம்ச வரலாற்றிலும் கூடார அளவுகளிலும் மாட்டிக்கொள்வீர்கள். பரவாயில்லை, அடுத்த நாள் உண்டு. சில நாள் பதில் வரும், வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும். அப்பாவின் நிலத்தைத் தங்கைக்குத் தெரியாமல் எழுதி வாங்கினவருக்கு, வீட்டு வேலை செய்யும் அம்மாவின் சம்பளத்தைப் பத்தாம் தேதிவரை இழுக்கிறவருக்கு, மருமகளிடம் மூன்று வருஷமாகப் பேசாமல் இருக்கிறவருக்கு அப்படித்தான் இருக்கும்.

போதகர்களுக்கு என் விண்ணப்பம் சின்னது. வரும் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஏசாயா 58:11ஐத் தட்டில் வைப்பீர்கள், தெரியும். வையுங்கள். அட்டையின் பின்பக்கத்தில் அதே அதிகாரத்தின் 6, 7, 10 வசனங்களையும் அச்சடித்துக் கொடுங்கள். இப்போது அந்தப் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. அச்சுக்கூலி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.